கத்தரி காய்த்தால் இருக்கிறேன் என்றார்

தண்ணீர் இல்லாமல் கத்தரிச் செடி காய்ந்து சாவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் தண்ணீர் ஊற்றியே சாகடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதுவும் ஏற்காட்டில், ஆடி மாதத்தில், மேலே வானம் தூறிக்கொண்டிருக்கும்போதே கீழே நான் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ரெண்டு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில், தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். போர் போடுகிற வண்டி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வருஷத்தில் பத்து மாசம் வெளியூர். எங்கெங்கோ தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர் எங்கள் சொந்தக் காட்டில், வெள்ளாமை நிலத்தில், ஆயிரத்து நூறு அடி இறக்கினார். ஒரு சொட்டு ஈரம் வரவில்லை. கல் அரைபட்டு மாவாகப் பறந்ததுதான் மிச்சம். அந்த மாவுக்குள்ளேயே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே மட்டுமா, போன இடமெல்லாம் அப்படித்தான் நின்றிருக்கிறார். அந்தத் துண்டு எதைத் தடுத்திருக்கும்?

சேலத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். "கல்தூசி நுரையீரல்ல படிஞ்சிருச்சும்மா. இனிமே கழுவி எடுக்க முடியாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். தூசி இல்லாத இடமாப் பாத்து வெச்சுக்குங்க" என்றார்.

அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைக் கேட்கவில்லை. வருஷத்தில் இரண்டு மாசம் மட்டும் வீட்டில் இருக்கிறவரிடம் எதைக் கேட்பது? மகளின் கல்யாணத்திலிருந்து வீட்டுக்கு ஓடு மாற்றுவது வரைக்கும் நான் முடிவு செய்வேன், அவர் போனில் "சரி புள்ள" என்பார். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இருக்க முடியாது. முன்னால் லாரி ரோடு, பின்னால் ஒரு மைல் தூரத்தில் கல் உடைக்கிற கிரஷர். துணி காயப்போட்டால் சாயங்காலம் உதறித்தான் எடுக்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்ளக் கணவன் மனைவியாக ஆள் வேண்டும் என்று என் அண்ணன் சொன்னதும், மறுநாளே மூட்டையைக் கட்டினேன். உரிமையாளர் சென்னைக்காரர், வருஷத்தில் இரண்டு தடவை வருவார். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. சமையலறையை ஒட்டி வெறுமனே கிடக்கிற மண், நாலு கட்டில் போடுகிற அளவுக்கு. அந்த மண்ணின் ஓரத்தில் ஊற்றிலிருந்து வருகிற குழாய். அதற்குத் திருகே கிடையாது. ராத்திரி பகல் கொட்டிக்கொண்டே இருந்தது.

சாமி, அந்தக் குழாயைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நாளைக்கு ஒரு தடவை பஞ்சாயத்துத் தண்ணீர் வருகிற ஊர் எங்களுடையது. இருக்கிற குடம், அண்டா, சோற்றுச் சட்டி வரைக்கும் பிடித்து வைப்போம். இங்கே தண்ணீர் யாரும் கேட்காமல் ஓடிப் புல்லுக்குள் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஊரிலிருந்து முடிந்துகொண்டு வந்த விதைகளை எடுத்தேன். கத்தரி, வெண்டை, கொத்தவரை. எங்கள் பக்கம் ஆடி என்றால் விதை போட்டே ஆக வேண்டும், அதில் வேறு பேச்சே இல்லை.

மண்ணைக் கொத்திப் பள்ளமாகப் பாத்தி கட்டினேன். நாலு பக்கமும் வரப்பு, நடுவில் வாய்க்கால். ஒரு சொட்டு வெளியே போகாது. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, இந்தக் குளுருல கத்திரி வருமா?"

"ஏன் வராதுங்க? மண்ணு கருகருன்னு இருக்குது, தண்ணி கொட்டுது. இன்னும் என்னங்க வேணும்?"

அவர் சிரித்தார். சிரித்ததும் இருமினார். இருமல் நின்றதும் சொன்னார்: "செரி. உம்பட கத்திரி காய்ச்சுதுன்னா நானும் இங்கயே இருந்துக்கறேன். காய்க்கலீன்னா தையில என்னையக் கீழ கூட்டிட்டுப் போயிரு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வாயில் விளையாட்டுக்கு வந்த சொல்லும் சொல்தான். மகள் ஆறாவது படிக்கும்போது, "நீ கிளாஸ்ல மொத ரேங்க் எடு, நான் பீடிய உட்டுறேன்" என்று சும்மா சொல்லி வைத்தார். அவள் எடுத்துவிட்டாள். மனிதர் அன்றோடு பீடியைத் தொடவில்லை. அதனால் நான் அந்தக் கத்தரியைப் பிடித்துக்கொண்டேன். காய்த்தால் அவர் மலையில் இருப்பார். மலையில் இருந்தால் மூச்சு இருக்கும். எனக்கு அப்போது தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

முளைப்பு நன்றாகத்தான் வந்தது. நாற்று விரல் நீளம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் தண்டு மண்ணோடு சேருமிடத்தில் கருத்து, நூல் மாதிரி இளைத்து, எல்லாம் படுத்துவிட்டன. வெண்டை விதை முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் கொழகொழவென்று கையில் வந்தது.

பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண் தினமும் எங்கள் வேலியோரமாகத்தான் போவாள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது குறைவு. அன்றைக்கு நின்று எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எதுக்குக் குழி வெட்டி வெச்சிருக்கீங்க?"

"குழி இல்லம்மா, பாத்தி."

"இங்கெல்லாம் மேடு கட்டித்தான் போடுவோம்க்கா. தண்ணிய உள்ள விடறது இங்க வேலை இல்ல, வெளிய அனுப்பறதுதான் வேலை. பீன்ஸ் போடுங்க, முள்ளங்கி போடுங்க, வேலியில சவ்சவ் ஏத்தி விடுங்க. கத்திரிய விட்டுருங்க. குளிரு தாங்காது."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. பத்து வயதிலிருந்து மம்பட்டி பிடித்தவள் நான், எனக்கு வெள்ளாமை சொல்லித்தர வந்துவிட்டாள் என்று நினைத்தேன். "கத்திரி எனக்கு வேணுமாத்தான் போடறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் திரும்பவும் பள்ளமாகவே பாத்தி கட்டி, திரும்பவும் விதைத்து, திரும்பவும் ஊற்றினேன். திரும்பவும் எல்லாம் அழுகியது.

மூன்றாவது தடவைதான் மேடு கட்டினேன். வரப்பை உடைக்கும்போது என் கை கூசியது. ஈரத்தை வெளியே அனுப்பக் கால்வாய் வெட்டுவது எங்கள் ஆட்களுக்குப் பாவம் செய்கிற மாதிரி. அந்தப் பெண்ணே ஒரு கை பீன்ஸ் விதையும் முளைவிட்ட சவ்சவ் காய் ரெண்டும் கொண்டுவந்து வேலி மேல் வைத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை, வீம்பு. புரட்டாசி முடியும்போது பீன்ஸ் கொடி குச்சியைச் சுற்றிக்கொண்டு ஏறியது. முள்ளங்கி இலையை விரித்தது. சவ்சவ் வேலியையே மூடிவிட்டது. அவற்றையெல்லாம் நான் சரியாக ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க நாலு கத்தரிச் செடியின் மேலேயே இருந்தது.

ஆமாம், மூன்றாவது தடவை மேட்டில் விதைத்ததில் நாலு பிழைத்திருந்தன. அவற்றுக்கு மூங்கில் குச்சி வளைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஓரத்தில் கல் வைத்துக் காற்றுப் புகாமல் கட்டியிருந்தேன். மேலே மூடியதால் மழைத் தண்ணீர் போகாதே என்று காலையில் ஒரு சொம்பு, பொழுதோடு ஒரு சொம்பு. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கார்த்திகையில் பூவும் வந்தது. ஊதா நிறத்தில் பூத்து, நாலு நாள் நின்று, காம்போடு உதிர்ந்தது. அடுத்த பூவும் உதிர்ந்தது. தினமும் தாளைத் தூக்கி, உதிர்ந்த பூவைப் பொறுக்கி, அவர் கண்ணில் படாமல் தூரப் போடுவேன்.

அவர் எங்கே பார்த்தார்! அதற்குள் அவர் படிக்கே வருவதில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் நாலைந்து நாள் எதிரே இருக்கிற மரம் தெரியாது. போர்வை நனைந்து கிடக்கும். எங்களுக்கு இந்தக் குளிர் என்ன தெரியும்? எங்கள் ஊரில் மார்கழி என்றால் விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வோம், அதோடு சரி. இங்கே எலும்புக்குள் போனது. அவருக்கு இருமல் கூடியது. குளிர்தான் காரணம் என்று நான் குளிரோடு மல்லுக்கு நின்றேன். சன்னல் இடுக்கில் பழந்துணி அடைத்தேன். கதவுக்குக் கீழே சாக்கு போட்டேன். காப்பித் தோட்டத்தில் கழித்துப் போட்ட விறகு சும்மா கிடைத்தது, அடுப்பை அணைய விடவில்லை. அதிலிருந்து நெருப்புக் கங்குகளை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டு அவர் கட்டிலுக்கு அடியிலேயே வைத்தேன். மூன்று கம்பளி. காதுக்குக் குல்லா.

"புள்ள, அந்த சன்னலக் கொஞ்சம் தொற. மூச்சு அடைக்குது."

"தொறந்தா குளுரு உள்ள வந்துருமுங்க. பேசாமப் படுங்க."

ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் சொன்னேன். ஒரு நாள் அவரே எழுந்து சன்னல் துணியை உருவியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்காகத்தான எல்லாத்தையும் உட்டுப்போட்டு இந்தக் காட்டுல வந்து கெடக்கறேன்? நீங்க சாகோணும்னு நிக்கறீங்களா?" என்று கத்தினேன். அவர் துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் முன்பைவிட இறுக்கமாக அடைத்தேன்.

தை பிறக்க ஆறேழு நாள் இருக்கும்போது, காலையில் காப்பி கொண்டு போனேன். உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கை என் தோளைத் தேடியது, பேச்சு வரவில்லை. நான் போட்ட கூச்சலில் அந்தப் பெண்தான் ஓடி வந்தாள். வந்ததும் முதல் காரியமாகக் அடைத்த துணியை உருவிக் கதவையும் சன்னலையும் விரியத் திறந்தாள், கங்குச் சட்டியைத் தூக்கி வெளியே வீசினாள். தோட்டத்து ஜீப்பை அவள்தான் கூப்பிட்டாள். இருபது கொண்டை ஊசி வளைவும் அவர் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அதே டாக்டர்தான்.

"இவரை எங்கேம்மா வெச்சிருந்தீங்க?"

"ஏற்காட்டுலீங்க. நீங்க சொன்னீங்களே, தூசி இல்லாத இடமுன்னு."

"அடுப்பு எதுல?"

"வெறகுங்க. குளுராம இருக்கோணும்னு ரூமுக்குள்ள கங்கும் வெப்பனுங்க." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். என்னைவிட நன்றாக யார் பார்த்துக்கொள்வார்கள்?

"கதவு சன்னலெல்லாம்?"

"சாத்தித்தானுங்க. ஒரு ஓட்டைகூட உடலீங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொகைம்மா" என்றார். "இருக்கற கொஞ்ச நுரையீரலுக்கு அடுப்புப் பொகைய விட்டிருக்கீங்க. அதோட அந்த ஈரக்குளிரும் இவருக்கு ஆகாது. மலை வேண்டாம்."

"ரோட்டோர ஊடுங்க எங்களுது."

"அதுவும் வேண்டாம்."

"அப்ப நாங்க எங்கதானுங்க போறது?"

டாக்டர் பேனாவைத் திரும்ப எடுத்து எழுதினார். மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார். அடி கெரகமே, என் வீட்டுக்காரர் எத்தனை தடவை கேட்டார், கொஞ்சம் திற, கொஞ்சம் திற என்று. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவர் போய்விட்டார் என்றே நினைத்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கே வந்தோம். வேறு போக்கிடம் இல்லை. ரோட்டைப் பார்த்த முன்னறையை விட்டுவிட்டு, காட்டைப் பார்த்த பின்னறையில் அவருக்குக் கட்டில் போட்டேன். மகளை ஒரு நாள் துணைக்கு வைத்துவிட்டு, சாவியை ஒப்படைத்துச் சாமான்களை எடுத்துவர நான் மட்டும் மலைக்குப் போனேன்.

தை வெயில் அங்கே பளீரென்று இருந்தது. மூடுபனி போன இடம் தெரியவில்லை. பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போனேன். பிளாஸ்டிக் தாளைக் காணோம். பீன்ஸ் முற்றித் தொங்கியது. மூன்று கத்தரிச் செடி வெறும் தழையாக நின்றது. நாலாவதில், இலைக்கு அடியில், ஒரு காய். கோழிமுட்டை அளவு, ஊதா நிறத்தில் வரி ஓடி, எங்கள் ஊர்க் கத்தரிக்காய்தான்.

அந்தப் பெண் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள். "காத்துல தாளு பிச்சிக்கிச்சுக்கா. நான்தான் எடுத்துப் போட்டேன். தண்ணியெல்லாம் ஊத்தல, வேலைக்குப் போயிர்றேன் இல்ல? தேனீ வந்துச்சு, வெயிலும் வந்துச்சு, பிடிச்சிருச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "அண்ணனுக்கு எப்படியிருக்கு?" என்றாள்.

வேலிக்கு மேலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "நீ இல்லீன்னா அன்னிக்கே போயிருப்பாரு சாமி" என்பது மட்டும் வந்தது.

காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டேன். பஸ் இறங்க இறங்க எனக்குப் பயம் பிடித்தது. இந்தக் காயைப் பார்த்தால் மனிதர் சொன்ன சொல்லுக்காகக் கிளம்பி நிற்பார். காய்த்தால் இருக்கிறேன் என்றாரே. இதே காய்க்காக நான் ஆறு மாசம் தவம் கிடந்தேன். இப்போது அதை ஒளிக்க இடம் தேடினேன். வழியில் எறிந்துவிடலாம் என்று ரெண்டு தடவை மடியில் கை வைத்தேன். மனசு வரவில்லை.

மறுநாள் அதைப் பொடியாக அரிந்து, கடையில் வாங்கிய கத்தரிக்காயோடு கலந்து, குழம்பில் போட்டேன். மகள் அவளுடைய வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். கட்டிலில் அவருக்குத் தட்டைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டவர் நிறுத்தினார். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டை ஒதுக்கி, விரலால் புரட்டிப் பார்த்தார்.

"இது சந்தைக் காயில்ல."

"சந்தையில வாங்குனதுதானுங்க."

"ஏம்புள்ள, முப்பது வருசமா நம்ம கத்திரிக்காயத் தின்னுட்டிருக்கறேன், எனக்குத் தெரியாதா? காய்ச்சிருச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அப்ப நான் அங்கயே இருக்கறேன்னு சொன்னது சொன்னதுதான். கெளம்பறதுன்னா கெளம்பலாம். உனக்கும் அந்தத் தண்ணியக் கண்டா சந்தோசம். ஆரு பாத்துக்கிட்டாங்க செடிய?"

"ஆரும் பாக்கலீங்க" என்றேன். சோற்றுக் கையோடு அழுகை வந்துவிட்டது. "நான் அங்க இல்ல. அதனாலதானுங்க காய்ச்சுது. நீங்க எங்கயும் வர வேண்டாம். நான் உங்களையக் கொல்லப் பாத்தேனுங்க."

அவர் ஒதுக்கி வைத்த துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். அப்போது, "அந்த சன்னலக் கொஞ்சம் தொற" என்றார்.

எழுந்து போனேன். வெளியே மத்தியான வெயில், கிரஷர் ஓடுகிற சத்தம், காட்டின் மேல் வெள்ளையாக மிதக்கிற தூசி. திறந்தால் அது உள்ளே வரும். மூடினால் அவருக்கு மூச்சு அடைக்கும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. கொக்கியில் கை வைத்தபடி நின்றேன். முப்பது வருஷத்தில் அவரிடம் நான் கேட்காததை அன்றைக்குத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"எவ்வளவுங்க தொறக்கட்டும்?"

அவர் வெளியே பார்த்தார். கையைத் தூக்கி அளவு காட்டினார், ஒரு சாண் இருக்கும்.

"அவ்வளவு போதும் புள்ள" என்றார்.